யார் கடைசி?

கியூபாவில் ரொட்டிக் கடைக்கு வருகிறவர் முதலில் "யார் கடைசி?" என்று கேட்க வேண்டும்; கை தூக்குகிறவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அறிவு வளர்ச்சி குறைந்தவன் என்று டாக்டர்கள் சொன்ன ஒஸ்மானி, நாற்பது வயதுவரை அந்த வழக்கத்தை மீறியதில்லை. வட்டார அதிகாரி பாஸிலியோ ஒருநாளும் கேட்டதில்லை; நேரே முன்னால் போய் நிற்பார்.

இந்த வரிசையைக் கேலிப் படமாக எடுக்க ஹவானாவிலிருந்து ஒரு சினிமாக் குழு வந்தது. ஒஸ்மானியையும் நடிக்கக் கூப்பிட்டார்கள். இப்படி ஒருவன் கிடைத்தால் சினிமாக்காரர்கள் விடுவார்களா? வாயைக் கோணிக்கொண்டு தடுக்கி விழச் சொன்னார்கள்.

"நான் ஏன் விழணும்?"

"சிரிப்பு வரும் தம்பி," என்றார் இயக்குநர்.

"வரிசையில பூந்து வர்றவரு விழட்டும் தோழர். எனக்கு அப்பதான் சிரிப்பு வரும்."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். பிறகு காட்சியை மாற்றினார்.

சதுக்கத்தில் படம் போட்ட அன்று, தம்பியைப் பார்த்து ஊர் சிரிக்கப் போகிறதே என்று அக்கா இடால்மிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் தொப்பை பெருத்த அதிகாரி ஒருவர் வரிசைக்குள் புகுந்து குப்புற விழுந்தார். ஒஸ்மானி அவரைத் தூக்கிவிட்டு, வரிசையின் கடைசியைக் கை காட்டினான். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தபடி பாஸிலியோவைத் திரும்பிப் பார்த்தது. இடால்மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ரொட்டிக் கடை வாசலில் பாஸிலியோ தொண்டையைச் செருமினார்.

"யாருப்பா கடைசி?"

ஒஸ்மானி கையை உயரத் தூக்கினான்.

"நான்தான் தோழர். எனக்குப் பின்னால நில்லுங்க."