இரண்டு ரைபிளுக்கு ஒரே அச்சு

எங்கள் கல்யாணம் மாற்றுச் சம்பந்தம். என் அண்ணைக்கு என்னவரின் தங்கை, என்னவருக்கு நான். ஒரே பந்தல், ஒரே ஐயர், ஒரே சமையல். செலவு மிச்சம் என்று இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு எங்களை ஆண்ட சட்டம் ஒன்றுதான்: தெல்லிப்பழையில் என்னவர் வீட்டில் எனக்கு என்ன நடக்கிறதோ, அதுவே தொண்டைமானாற்றில் அண்ணை வீட்டில் மச்சாளுக்கும் நடக்கவேண்டும். அண்ணை அவளுக்கு ஒரு சேலை எடுத்தால் எனக்கும் ஒன்று வரும். அது நல்ல பக்கம். ஒருமுறை, பலாமரம் ஒன்றைத் தறித்த விஷயத்தில் இந்த இரண்டு ஆண்களும் முறுகிக்கொண்டார்கள். அந்த மாரி முழுக்க நான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மச்சாளும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆண்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இருவரும் நேரத்துக்கு வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அவர்களைத் திரும்ப ஒட்டவைத்தது ரைபிள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. அரசாங்கக் கச்சேரியில் லைசென்ஸ் எடுத்து, ஒரே வகையில் ஆளுக்கொரு பழைய ரைபிள் வாங்கியிருந்தார்கள். வன்னியில் வேட்டையாடத்தான் வாங்கினார்கள். போன இடத்தில் ஒரு பன்றியின் வாலைக்கூடக் காணவில்லை. பிறகு குறிப்பலகையில் சுடும் பைத்தியம் பிடித்தது. பலகை ஓடாது அல்லவா? வருஷத்துக்கு ஒருமுறை தொண்டைமானாற்றுக்கு அப்பால் மணல்வெளியில் போட்டி வைப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமாரும் வருவார்கள். வென்றவருக்கு ஒரு வெள்ளிக் கேடயம்.

புதுத் தோட்டா வாங்கிக் கட்டாது. சுட்டபின் விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் போட்டு மறுபடி நிரப்பவேண்டும். அதற்குமுன் விரிந்த கோதை அளவுக்குக் கொண்டுவர ஓர் அச்சு தேவை. சீமையிலிருந்து விலைப்பட்டியல் புத்தகம் ஒன்று வரவழைத்தார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இருவரையும்விட எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கூட. அதை அவர்கள் ஒத்துக்கொள்வது இப்படியான வேளைகளில் மட்டும்.

"வடிவாய் வாசிச்சுச் சொல்லு பிள்ளை," என்றார் அண்ணை.

வாசித்துச் சொன்னேன். சுடும்போது கோது விரிந்து, அளவெடுத்துத் தைத்த சட்டை போல அந்தந்த ரைபிளின் உள்வாய்க்கு ஏற்றபடி ஆகிவிடுமாம். அச்சில் இரண்டு வகை. ஒன்று கோதை முழுவதுமாக நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். அது இரண்டு ரைபிளிலும் போகும். ஆனால் கோது கெதியில், சில சூட்டிலேயே, வெடித்துப்போகும், குறியும் கொஞ்சம் தளரும். மற்றது கழுத்தை மட்டும் இறுக்கும். குறி பிசகாது. ஆனால் எந்த ரைபிளில் சுட்ட கோதோ, அதை அந்த ரைபிளில்தான் போடலாம்.

"முதலாவதுதான் நல்லது போலை கிடக்கு," என்றேன். "ரண்டு வீட்டுக்கும் பொது."

"உமக்கென்ன தெரியும்?" என்றார் என்னவர். "குறியெல்லோ முக்கியம்."

"ஓம் மச்சான், கழுத்தச்சையே எடுப்பம்," என்றார் அண்ணை. "அவரவர் கோதை அவரவர் வைச்சிருந்தால் சரிதானே."

அபூர்வமாக இருவரும் ஒத்துப்போன விஷயம். அவர்கள் சொன்னபடியே கழுத்தச்சுக்குக் கடிதம் எழுதினேன். தபாற்கந்தோரில் பார்சல் வந்து சேர்ந்தது. பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவி, அதற்குள் பொருந்தும் அச்சு. எங்கள் சட்டப்படி அது ஒரு மாதம் எங்கள் வீட்டில், ஒரு மாதம் அண்ணை வீட்டில்.

பொங்கலுக்கு முன் அச்சு எங்கள் வீட்டில் இருந்தது. விளக்குகளை மினுக்க உதவிக்கு வந்த மச்சாள், அண்ணையின் கோதுகளையும் பையில் கொண்டுவந்தாள். பழப்புளி கரைத்துக் குத்துவிளக்கோடு கோதுகளையும் தேய்த்தோம். எண்ணிப் பார்த்தால் அண்ணைக்கு நாற்பத்துமூன்று, எங்களுக்கு முப்பத்தேழு. என்னவர் பாதியை மணலுக்குள் தொலைத்துவிடுவார். நான் சுளகைப் பிடித்தேன். மச்சாள் எல்லாவற்றையும் அதில் கொட்டிக் காயவைத்தாள். காய்ந்ததும் ஆளுக்கு நாற்பதாகப் பிரித்தோம். மாம்பழம், மிளகாய், முருங்கைக்காய் எதுவானாலும் அப்படித்தான் பிரிப்போம். கை தன்பாட்டில் செய்த வேலை அது. என்னவர் இரண்டு பங்கையும் நிரப்பி இரண்டு பெட்டியில் அடுக்கினார். பொன்போல் மின்னிய கோதுகளில் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போட்டி நாளன்று சந்நிதிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, நானும் மச்சாளும் மணல்வெளியில் வண்டிலுக்குள் இருந்தோம். என்னவரின் ரைபிள் உள்வாய் தேய்ந்தது. எதைக் கொடுத்தாலும் விழுங்கும். அண்ணையுடையது இறுக்கம்; என்னவரின் ரைபிளில் விரிந்த கோது அதற்குள் போகாது. அண்ணைக்கு முதல் இரண்டு வெடியும் சரியாகப் போயின. மூன்றாவது தோட்டாவைப் போட்டதும் ரைபிளின் பூட்டு மூடவில்லை. நான்காவதுக்கும் மூடவில்லை. அண்ணை பெட்டியைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நிம்மதியாகச் சுட்டுக்கொண்டிருந்த என்னவரைப் பார்த்தார்.

"வெல்லோணும் எண்டால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் மச்சான். இப்பிடிச் செய்யத் தேவையில்லை."

"நான் என்ன செய்தனான்?" என்னவர் ரைபிளைக் கீழே வைத்தார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பலாமரத்தின்போது கேட்ட அதே குரல். சுளகு கண்முன் வந்தது. கோதை மாற்றிப் போடக்கூடாது என்ற அந்த வரியை வாசித்துச் சொன்னவளே நான். இன்னொரு மாரி பிறந்த வீடு இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. துரைமார் பார்க்கிறார்கள் என்ற வெட்கமும் இல்லாமல் இறங்கி மணலில் நடந்தேன்.

"அண்ணை, அவரிலை பிழையில்லை. நான்தான் கோதுகளைக் கலந்தனான்."

"இல்லை, நான்தான் கலந்தனான்," என்றது பின்னால் ஒரு குரல். மச்சாள் மூச்சுவாங்க வந்து நின்றாள்.

"நீர் சும்மா இரும்," என்றேன்.

"நீர் சுளகை மட்டும்தானே பிடிச்சனீர்? கொட்டினது நான்."

குற்றத்துக்காக இருவரும் அங்கேயே பிடுங்குப்பட்டோம்.

"ஏனப்பா கலந்தனீங்கள்?" என்று அண்ணை மச்சாளைக் கேட்டார்.

"உங்களுக்கு ஆறு கூட இருந்தது," என்றாள் அவள்.

முதலில் சிரித்தது என்னவர். தன் பெட்டியைத் தூக்கி அண்ணைக்கு முன் வைத்தார்.

"போட்டுப் பாரும் மச்சான். பூட்டுக்குள்ளை போறது உம்மடை, போகாதது என்ரை."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கேடயத்தை ஒரு துரை கொண்டுபோனார். எங்கள் ஆண்கள் இருவரில் ஒருவர் கடைசி, மற்றவர் கடைசிக்கு முதல். யார் எது என்பதில் அவர்களுக்குள் கடைசிவரை தகராறு.

அடுத்த கிழமை அண்ணை அதே புத்தகத்தோடு வந்தார். "பிள்ளை, மற்ற அச்சுக்கு எழுது."

"குறி தளரும் அண்ணை. கோதும் கெதியிலை போயிடும்."

"போகட்டும். பித்தளைதானே," என்றார். என்னவர் மையையும் பேனாவையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

கேடயம் எங்கள் பக்கம் வரவே இல்லை. அந்த வருஷ மாரியில் நான் மூன்று தரம் தொண்டைமானாற்றில் பிறந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.