நகரும் நிலமும் வராத மணலும்

வெள்ளிக்கிழமை காலை காட்பாடியில் ரயிலேறி, பிற்பகலில் சென்ட்ரலில் இறங்கினேன். மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். படத்தில் விரலை வைத்துக் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டுகிறவனுக்கு இந்த நூற்று முப்பது கிலோமீட்டரே போதும் போதும் என்றாகிவிட்டது.

இராயபுரம் கடலோரத் தெருவில் இருக்கும் என் தங்கை பிலோமினாதான் வரச் சொன்னாள். அவள் கணவர் அந்தோணி துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறார். மழைக்காலத்துக்கு முன் கூரை ஓடுகளைப் பிரித்து விற்றுவிட்டு, வியாசர்பாடிப் பக்கம் வாடகைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியனுப்பியிருந்தாள்.

சென்ட்ரலிலிருந்து பஸ்ஸில் பதினைந்து காசு. கரித்தூளும் கருவாட்டு வாடையுமாக ஒரு கூட்டத்துக்குள் நின்றபடியே போய்ச் சேர்ந்தேன். அவள் கல்யாணத்தின்போது வீட்டுக்கு எதிரே இன்னொரு தெரு இருந்தது. இப்போது வாசலில் நின்றால் கடல். பாதிக் கூரையின் ஓடுகளை இறக்கி முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அந்தோணி, கையைக் கழுவிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“டீக்கட ரேடியோல சொன்னான் மச்சான். நெலம்லாம் நவுந்துகினே கீதாம். கடலு இன்னா பண்ணும் பாவம்? நம்ம நெலந்தான் உள்ள அமுங்குது. அத்த எவன் நிறுத்த முடியும்?”

“தெரு பூரா இதையே சொல்லிவச்சிருக்காரு அண்ணே. இன்னும் நாலு வீட்ல ஓட்ட இறக்கிட்டாங்க” என்றாள் பிலோமினா. வியாசர்பாடி போய்விட்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கரையில் மீன் எடுத்து விற்று வீட்டை ஓட்டுகிறவள் இவள். கடலை விட்டு எங்கே போவாள்?

ரேடியோவில் சொன்னது தப்பில்லை. இவர் புரிந்துகொண்டதுதான் கோணல்.

அந்தோணியின் அப்பா கட்டுமரத்தில் போனவர். அதனால் அதை வைத்தே சொன்னேன். “பூமியோட மேலோடு ஒரே கட்டையில்ல, மாப்ளே. கயிறு கட்டாத கட்டுமரம் மாதிரி பெரிய பெரிய கட்டைங்க. நம்ம கட்டை வடக்கே நகர்ந்து போய் இன்னொண்ணு மேல முட்டிச்சு. முட்டின எடத்துல எழும்பினதுதான் இமயமலை. பூகம்பம், எரிமலை எல்லாம் பெரும்பாலும் அந்த ஓரங்கள்ல.”

“நாம எங்க கீறோம்?”

“நம்ம கட்டையோட நடுவுல, ஓரத்துல இல்ல. கட்டை நகர்றது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். உங்க எதிர்த்தெரு எத்தனை நாள்ல போச்சு?”

“ரெண்டு மழைல.” சொன்னாரே தவிர, ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. எண்ணூர் பஸ்ஸில் என்னை அழைத்துப் போனார், தன் கட்சியை நிரூபிக்க. வழியில் கடலோரத்தில் பாறைகளைக் கொட்டியிருந்தார்கள். பல்லாவரத்துக் கருங்கல். இதே இனப் பாறை தென் துருவத்துப் பனிக்கு அடியிலும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் அதுவும் நாமும் ஒரே நிலம் என்றேன். “அப்ப சொந்தக்காரனத்தான் கடல்ல தள்றோம்” என்றார், சிரிக்காமல். திருவொற்றியூரில், கல் முடிகிற இடத்துக்கு அப்பால், கடல் கண்மண் தெரியாமல் உள்ளே வந்திருந்தது. ஒரு வீட்டின் அடுப்படி மட்டும் தண்ணீரில் நின்றது. எண்ணூர் போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியாக அதைப் போல இரண்டு மூன்று காட்டினார்.

“பாத்தியா? அல்லா எடமும் அமுங்குது.”

எனக்குக் காலெல்லாம் கடுத்தது. ஆனாலும் திரும்பும்போது இராயபுரத்தில் இறங்கவிடாமல் அவரை மெரினாவுக்கு இழுத்துப் போனேன். அந்தோணி அங்கே வந்து வருஷக்கணக்காகிறதாம். சாலையில் இறங்கி மணலில் நடந்தோம். நடந்தோம், நடந்தோம், தண்ணீர் வந்தபாடில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதி வழியில் அவர் நின்றுவிட்டார்.

“இங்க ஏன் அமுங்கல?”

அதற்காகத்தான் கூட்டிவந்தேன். வருஷத்தில் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல்சுவர் அதை மறித்துவிட்டது. மணல் சுவருக்குத் தெற்கே தங்குகிறது. வடக்கே போக வேண்டியது போகாததால் அலை கரையைத் தின்கிறது. “உங்க தெருவுக்கு வரவேண்டிய மண்ணு மேலதான் நிக்கிறோம்” என்றேன். அவர் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்து, விரல் இடுக்கில் ஒழுகவிட்டார்.

நிலம் நகர்வதைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமி செய்வது எது, எவ்வளவு மெதுவாகச் செய்கிறது என்று தெரிந்தால்தான், அது செய்யாததை அதன் தலையில் கட்டாமல் இருப்போம். இனி கேட்டால் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அந்தோணி, “அமுங்கலன்னா கல்லப் போட்டு நிறுத்தலாம்” என்று கூரைமேல் ஏறி ஓடுகளைத் திரும்ப அடுக்கினார். கீழேயிருந்து எடுத்துக் கொடுத்த பிலோமினாவின் முகம் தெளிந்திருந்தது. “இந்தத் தெருவுக்கும் கல் கொட்டுவாங்களா அண்ணே?” என்றாள். “கொட்டினா நிக்கும்” என்று மட்டும் சொன்னேன். திருவொற்றியூர் அடுப்படி கண்ணுக்குள் இருந்தது. இங்கே கொட்டினால் கடல் அடுத்த தெருவைத் தின்னும்; அங்கே யார் இதே கேள்வியைக் கேட்பார்களோ. எங்கள் ஊர் மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு, அதற்கு மேல் என்ன சொல்ல வரும்?

நான் பையைத் தூக்கியபோது அந்தோணி இறங்கி வந்தார். கையெல்லாம் ஓட்டுத்தூசி.

“நெலம் நவுருதுன்னு நெனச்சப்ப மனசு சும்மா இருந்துச்சி மச்சான். கடவுள் பூமி, அவரு இஷ்டம்னு. இப்ப…” துறைமுகத்துப் பக்கம் பார்த்தார். “அந்தச் சொவத்தாண்டதான் என் வின்ச்சு நிக்குது.”

துறைமுகத்துச் சங்கு ஊதியது. காக்கிச் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, பகல் ஷிப்டுக்குக் கிளம்பினார்.