கண்ணு பட்ட மண்ணுத் தொட்டி

எங்க வீட்டுப் பூனைங்க ஒழுக்கமா இருந்த காலம் ஒண்ணு உண்டு. இப்ப சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஈப்போ குனோங் ராபாட்ல எங்களுக்கு வரிசை வீடு. சமையல்கட்டுக்குப் பின்னால துணி காயப்போடுற இடம். அங்க ரெண்டு பிளாஸ்டிக் தொட்டி வச்சு, கடையில விக்கிற பூனை மண்ணைக் கொட்டி வச்சிருப்பேன். மூணு பூனையும் வேளாவேளைக்குப் போகும், பறிக்கும், வெளிக்கு இருக்கும், மூடும், வந்து சோபாவுல படுத்துக்கும். பிள்ளைங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல வேலை செய்றாங்க. வீட்டுல நானும் என் வீட்டுக்காரரும் இந்த மூணும்தான்.

மூணுல ரெண்டு, கறுப்பு வெள்ளை அக்கா தங்கச்சி. வாயே திறக்காதுங்க. செய்றதையெல்லாம் சத்தமில்லாம செஞ்சிட்டு முகத்தை அப்பாவியா வச்சிக்கிற ஜாதி. மூணாவது ஆரஞ்சு நிறத் தடியன். நான் டோபிக் கடையில வேலை பாக்குறேன். ஒரு நாள் மெஷின்லருந்து சூடா எடுத்து வச்ச ஹோட்டல் போர்வைக் கூடையில, யாரையும் கேக்காம ஏறிப் படுத்துத் தூங்கினவன் அவன். விரட்டினேன், போகல. சாயந்திரம் அவனையும் தூக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அவன் மேல எனக்கு உசிரு. இதுல மறைக்க என்ன இருக்கு.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனுஷி. ஆனா வாயால எதையாவது மெச்சினா அதுக்குக் கண்ணு பட்டிரும்னு எனக்கு ஒரு பயம் எப்பவும் உண்டு. என் ரோஜாச் செடியைப் பாத்து, என்ன தங்கச்சி இப்படிப் பூக்குதுன்னு கேட்டாங்க, மறுவாரம் செடி காஞ்சு போச்சு. தீபாவளிக்கு முந்தி ஒரு நாள், பின்பக்கச் சுவருக்கு மேல எட்டிப் பாத்துட்டு நின்னாங்க. தடியன் அப்பதான் வேலையை முடிச்சிட்டு ரொம்பப் பொறுப்பா மண்ணை இழுத்து மூடிட்டிருந்தான். அக்கா வாயைப் பொளந்துட்டாங்க. அவங்க வீட்டு ஆம்பளைங்களுக்குக் கக்கூஸுல ஒரு வாளி தண்ணி ஊத்தக் கை வராதாம், இது பாரு எப்படி மூடிட்டுப் போகுது, இப்படி ஒரு பூனையை நான் ஈப்போவுலயே பாத்ததில்லன்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே ரோஜாச் செடி ஞாபகம் வந்துருச்சு.

மறுநாள் காலையில தடியன் என் வீட்டுக்காரரோட வேலைச் சப்பாத்துக்குள்ள வெளிக்கு இருந்துட்டான்.

அவர் ஜெலாப்பாங்ல ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர். இரும்பு முனை வச்ச கனமான சப்பாத்து. அவசரத்துல மாட்டிக்கிட்டுப் போயிட்டார். மீட்டிங் ரூம்ல ஏர்கோன் ஓடுது, கதவு சாத்தியிருக்கு, ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சறாங்க. எங்க வீட்டுக்காரரும் உறிஞ்சிப் பாத்துட்டு, பின்னால சாக்கடைக் கால்வாய் அடைச்சிருக்குலா, யாராவது போய்ப் பாருங்கன்னு ஆள் வேற அனுப்பியிருக்கார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழட்டின பிறகுதான் கால்வாய் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சது.

தீபாவளி நேரத்துல டோபிக் கடையில தலைக்கு மேல வேலை. ரெண்டு மூணு நாளா நான் மண்ணு மாத்தல, அது வாஸ்தவம். ஆனா அதுவா காரணம்? ஊரு உலகத்துல மண்ணு மாத்தாத வீடே இல்லையா? எனக்குத் தெரியும் இது என்னன்னு. கண்ணு பட்டிருச்சு. அன்னைக்கே உப்பு மிளகா எடுத்து மூணுக்கும் சுத்திப் போட்டேன். அக்கா தங்கச்சிப் பூனை ரெண்டும் ஃபிரிட்ஜுக்கு அடியில பூந்துக்கிச்சுங்க, அதனால ஃபிரிட்ஜைச் சுத்தித்தான் போட வேண்டியதாப் போச்சு. அப்புறம் எலுமிச்சம்பழத்தை ரெண்டா வெட்டி, குங்குமம் தடவி, வாசப்படிக்கு ரெண்டு பக்கமும் வைப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு தொட்டிக்கும் ரெண்டு பக்கமும் வச்சேன். என் வீட்டுக்காரர் பின்னால நின்னு பாத்துட்டு, கக்கூஸுக்கெல்லாமா வைப்பாங்கன்னு கேட்டார். கண்ணு எங்க பட்டுச்சோ அங்கதான் வைக்கணும்னு சொல்லி அவர் வாயை அடைச்சேன். நான் பேச ஆரம்பிச்சா கடைசி வார்த்தை என்னோடதாத்தான் இருக்கும். இது எங்க தாமான் வரிசை வீடு முழுக்கத் தெரிஞ்ச விஷயம்.

எலுமிச்சம்பழம் எங்கருந்து வந்துச்சு தெரியுமா? அதே அக்கா வீட்டு மரத்துலருந்து. தொட்டியில வச்ச குட்டி மரம், காய்ச்சா காய்ச்சுத் தள்ளும். அவங்க கண்ணைக் கழிக்க அவங்ககிட்டயே போய்ப் பழம் கேட்டு நின்னேன். எதுக்கு தங்கச்சின்னாங்க. ஊறுகா போடன்னு சொல்லிட்டேன். தாராளமா ஒரு பை நிறையக் குடுத்தாங்க. அடுத்த வாரமும் போனேன், அதுக்கடுத்த வாரமும் போனேன். கடைசியில, இவ்வளவு ஊறுகா போடுறியே, எனக்கு ஒரு போத்தல் குடுக்கக் கூடாதான்னு கேட்டுட்டாங்க. வேற வழியில்லாம ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து நெசமாவே ஊறுகா போட்டுக் குடுத்தேன்.

ஏன் வாராவாரம் போனேன்னா, நிலைமை மோசமாயிட்டே வந்துச்சு. தொட்டிப் பக்கம் ஒரு பூனையும் எட்டிப் பாக்குறதில்ல. அக்காளும் தங்கச்சியும் எங்க போறாளுங்கன்னே தெரியல. சோபாவுக்குப் பின்னால ஒரு வாடை, அரிசி வாளிக்குப் பக்கத்துல ஒரு வாடை, ஆனா ஆளு அகப்படாது. தடியனுக்கு இந்தத் திருட்டுத்தனமெல்லாம் வராது. நட்ட நடு ஹால்ல, நாம பாத்துட்டிருக்கும்போதே, கண்ணை மூடி நிம்மதியா இருப்பான். அதனால வீட்டுல எங்க ஈரம் கண்டாலும் பழி அவன் தலையிலதான். நானும் விடல. ஒவ்வொரு ஈரத்துக்கும் பழைய எலுமிச்சையை எடுத்துட்டு புதுசு வெட்டி வச்சேன். வச்சு நாலடி தள்ளி நின்னு கும்பிட்டுட்டும் வருவேன்.

மிருக டாக்டர்கிட்டயும் தூக்கிட்டுப் போனோம். சின்ன வயசு மலாய்க்காரப் பொண்ணு, ரொம்ப அன்பா பேசுச்சு. மூத்திரத்தைச் சோதிச்சுப் பாத்துட்டு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னுச்சு. தொட்டியை இடம் மாத்தினீங்களா, மண்ணு வேற வாங்கினீங்களா, வாசனைச் சோப்பு போட்டீங்களா, பக்கத்துல புதுசா ஏதாவது வச்சீங்களான்னு வரிசையா கேட்டுச்சு. இல்ல, இல்ல, இல்ல, ஒண்ணுமே இல்லன்னேன். சத்தியமா பொய் சொல்லல. திருஷ்டிக்கு வச்ச எலுமிச்சம்பழத்தைப் போய் ஒரு பொருள்னு யாராவது கணக்குல சேப்பாங்களா? சாமி படத்துக்கு வச்ச பூவை யாராவது வீட்டுச் சாமான்னு சொல்வாங்களா? மூணு பூனைக்கு ரெண்டு தொட்டி பத்தாது, இன்னும் ரெண்டு வையுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. வாங்கி வச்சேன். அதுக்கும் ரெண்டு பக்கமும் எலுமிச்சை வச்சேன். துணி காயப்போடப் போனா ஏதோ கோயிலுக்குள்ள நுழையுற மாதிரி இருந்துச்சு.

என் வீட்டுக்காரரைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த மனுஷன் ரொம்பப் பொறுத்தார். சப்பாத்தைப் பொறுத்தார், தீபாவளி ஜிப்பா நனைஞ்சதைப் பொறுத்தார். ஒரு நாள் ஆரம்பிச்சார். பாகான் டத்தோவுல அவரோட அண்ணனுக்குத் தென்னந்தோப்பு இருக்கு, அங்க எலித் தொல்லை, தடியனைக் கொண்டு போய் விட்டா அவனுக்கு உலகமே மண்ணுத் தொட்டிதானேன்னார். எனக்கு வந்துச்சே கோபம். என்னைய வேணா கொண்டு போய் விடுங்க, நானும் எலி பிடிக்கிறேன்னேன். டோபிக் கடையில நின்னு நின்னு கால் வீங்கி வர்றவளுக்கு, மடியில ஏறிக் காலுக்குச் சூடு குடுக்கறது அவன்தான், நீங்களான்னு கேட்டேன். பேச்சு நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, நான் ஜெயிக்கிற கட்டம். அந்தச் சமயம் பாத்துத் தடியன் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சோபாவுல ஏறி, அவர் மடிச்சு வச்சிருந்த பேப்பர் மேல ஒண்ணுக்கு இருந்தான். அதோட அவனைக் கொண்டு போறதுன்னு முடிவாயிருச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பினோம். கூடைக்குள்ள என்னோட பழைய பாத்தேக் கைலியை விரிச்சு அவனை உக்கார வச்சு, கூடையை மடியில வச்சிக்கிட்டேன். அவர் காடியை ஓட்டினார். அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவர் ரேடியோவைப் போட்டார், அப்புறம் அவரே அடைச்சிட்டார். தெலுக் இந்தானுக்கு முன்னால ஒரு கடையில நிறுத்தி, பசியாறிட்டுப் போலாம்னார். எனக்குப் பசிக்கலன்னேன். ஆனா மீ கோரேங் வந்ததும் சாப்பிட்டேன். அழுதாலும் பசி பசிதானே.

தட்டு ஓரத்துல பாதி எலுமிச்சம்பழம் வச்சிருந்தாங்க. அதை வலது கையால பிழிஞ்சு சாப்பிட்டுட்டு, பக்கத்து நாற்காலியில இருந்த கூடைக்குள்ள அதே கை விரலை விட்டேன். எப்பவும் நக்குவான். அன்னைக்கு மூஞ்சியைச் சுளிச்சு, ஒரு மாதிரி அவமானப்பட்டவன் கணக்கா, கூடையோட அந்தக் கோடிக்குப் போய் ஒட்டிக்கிட்டான். என் மேல கோவம்னு நெனச்சேன். இடது கையை விட்டேன். ஓடி வந்து நக்கினான். மறுபடி வலது கை. மறுபடி மூலைக்கு ஓட்டம். வலது கையை மோந்தேன், எலுமிச்சை வாடை. நான் தட்டைப் பாத்தேன். பாதி எலுமிச்சை என்னைப் பாத்துச்சு. வீட்டுல வரிசையா நிக்கிற நாலு தொட்டியும், ரெண்டு பக்கமும் குங்குமத்தோட காவல் காக்குற எலுமிச்சையும் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

என் பிழைப்பைப் பாருங்க. உண்மையைச் சொன்னா மானம் போகும், சொல்லலன்னா பூனை போகும். எதிர்ல அவர் பால் இல்லாத தே ஓ குடிச்சிட்டு உக்காந்திருக்கார். இத்தனை வருஷத்துல அவருக்கு முன்னால ஒரு விஷயத்துலயும் என் தப்புன்னு நான் ஒத்துக்கிட்டதில்ல.

"காடியைத் திருப்புங்க,"ன்னேன். "சகுனம் சரியில்ல."

அவர் என்னைப் பாத்தார். என் வலது கையைப் பாத்தார். கூடையைப் பாத்தார். தட்டையும் பாத்தார். என்ன சகுனம், எங்க பாத்தேன்னு கேப்பார், பல்லி கத்துச்சு, பூனை குறுக்க போச்சுன்னு ஏதாவது சொல்லணும், ஆனா பூனை நம்ம கூடையிலயே இருக்குதேன்னு நான் உள்ளுக்குள்ள தேடிட்டிருந்தேன். அவர் எழுந்தார். காசைக் குடுத்துட்டு, அண்ணனுக்குப் போன் போட்டு, காடி கொஞ்சம் சூடாவுது, இன்னொரு நாள் வாரோம்னு சொன்னார். அந்தப் பொய்யை அவர் அவ்வளவு சுளுவா சொன்னதைப் பாத்து எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் நேரா பின்பக்கம் ஓடினேன். அவர் எனக்கு முந்தி போயிட்டார். குனிஞ்சு, ஒவ்வொரு தொட்டி ஓரத்துலருந்தும் எலுமிச்சையைப் பொறுக்கிக் குப்பைப் பையில போட்டுட்டிருந்தார். அப்புறம் தரையை வெந்நீர் ஊத்திக் கழுவினார். நான் புது மண்ணு கொட்டினேன். எனக்கு அந்த மனுஷன் மேல அன்னைக்கு வந்த பிரியம் கல்யாணத்தப்போ கூட வரல.

ரெண்டு நாள்ல அக்காளும் தங்கச்சியும் தொட்டிக்குத் திரும்பிட்டாளுங்க. தடியன் ரொம்ப யோசிச்சான். வருவான், மோந்து பாப்பான், போயிடுவான். அந்த வாரம் முழுக்க நான் அவன் பின்னாலயே அலைஞ்சேன். அவன் திரும்பலன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பாகான் டத்தோதான், அதுல சந்தேகமில்ல.

சனிக்கிழமை சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா பை நிறையப் பழத்தோட பின்பக்கமா வந்து நின்னாங்க. என்ன தங்கச்சி ஒரு வாரமா ஆளையே காணோம், ஊறுகா முடிஞ்சிருக்குமேன்னாங்க. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பையை வாங்கி, அத்தனை பழத்தையும் பிழிஞ்சு, சீனி போட்டு, மூணு கிளாஸ்ல கொண்டு வந்தார். மூணு பேரும் பின்வாசல்ல உக்காந்து குடிச்சோம். புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு.

அப்பதான் தடியன் எங்களைத் தாண்டிப் போனான். நேரா முதல் தொட்டி. மோந்தான். ஏறினான். பறிச்சான். நான் கிளாஸை வாய்க்குக் கொண்டு போனவ அப்படியே நிறுத்திட்டேன். அவன் கண்ணை மூடி, நிதானமா, எங்கேயும் போக வேண்டியதில்லாத ஆள் மாதிரி இருந்தான். முடிச்சிட்டுத் திரும்பி மண்ணை இழுத்து இழுத்து மூடினான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அக்கா அதையே கண்ணு கொட்டாம பாத்துட்டிருந்தாங்க. கிளாஸைக் கீழ வச்சாங்க, வாயைத் திறந்தாங்க.

என் வீட்டுக்காரர் சட்டுன்னு கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமா போகும். ஒண்ணும் சொல்லிராதீங்க. இவ மறுபடி ஊறுகா போட ஆரம்பிச்சிருவா."