எஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பிரிண்டரிலிருந்து வெளியே வரும் தாள் சுடச்சுட இருக்கும். கையில் எடுத்தால், அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியைத் தொடுவது போல ஒரு இதம்...

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டைப்பிங் கடையில் முதல் வேலை. மனு, ரெஸ்யூம், லீவ் லெட்டர் என்று யார் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்போம்.

என் ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கஸ்டமர் கொண்டுவரும் டிராஃப்டில் கமா, ஃபுல்ஸ்டாப் தப்பாக இருந்தால் கேட்காமலேயே திருத்திவிடுவேன்.

அப்படித்தான் அருள்ராஜ் அண்ணன் லெட்டரையும் திருத்தினேன்.

அவர் முத்தியால்பேட்டையில் எலக்ட்ரீஷியன். அவருடைய அம்மா ரிட்டையர்ட் நர்ஸ். தான் இறந்த பிறகு உடலை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. அதற்கு மகன் எழுதும் லெட்டர் அது. யாரோ தெரிந்தவர் அழகான கையெழுத்தில் டிராஃப்ட் எழுதிக் கொடுத்திருந்தார்.

"தங்கச்சிங்க சம்மதத்தோடன்னு ஒரு லைன் இருக்கும் பாரும்மா, அத மட்டும் உட்டுடாத" என்றார்.

அந்த லைனில் sisters' என்று இருந்தது. எஸ்ஸுக்குப் பின்னால், வாலில், ஒரு அப்பாஸ்ட்ரபி அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு என்று முடிவுசெய்து அதை எஸ்ஸுக்கு முன்னால் நகர்த்தி sister's என்று அடித்தேன். மூன்று காப்பி எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து, கடை திறந்த கையோடு வந்து நின்றார். முகமே சரியில்லை.

"இன்னா அடிச்சிக் குடுத்த நீ? என் சின்னத் தங்கச்சி போன்ல கத்துறா. 'நான் தங்கச்சியே இல்லன்னு எழுதி அனுப்பிட்டல்ல'ன்னு அழுவுறா. நான் எங்க அப்படி எழுதினேன்?"

அவருக்கு இரண்டு தங்கைகள். பெரியவர் ரெஜினா. சின்னவர் ஸ்டெல்லா, தவளக்குப்பத்தில் இங்கிலீஷ் டீச்சர். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் பதினோரு வருஷமாக வீட்டோடு பேச்சில்லை. அம்மா போனில் அழுது கேட்டதால்தான் இந்த விஷயத்துக்குச் சம்மதித்திருந்தார். அவருக்கும் ஒரு காப்பியைத் தபாலில் அனுப்பியிருந்தார் அண்ணன்.

லெட்டரை வாங்கிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. எஸ்ஸுக்கு முன்னால் அந்தக் குறி வந்தால் ஒரே ஒரு தங்கை. பின்னால் வந்தால்தான் ஒருத்தருக்கு மேல். ரெஜினாவை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவை நீக்கிவிட்டிருந்தேன்.

முதலாளி உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "புதுசா ஒன்னு அடிச்சிக் குடுத்து அனுப்பிடு. நம்ம தப்புன்னு வாயத் தொறக்காத."

அதைத்தான் செய்ய நினைத்தேன். விரலும் கீபோர்டுக்குப் போய்விட்டது. வெளியே பெஞ்சில் அந்த மனிதர் லெட்டரை முகத்துக்குக் கிட்டே வைத்து, அதில் எந்த இடத்தில் தங்கச்சியைத் திட்டியிருக்கிறோம் என்று தேடிக்கொண்டிருந்தார்... என்னால் முடியவில்லை.

"அண்ணே, தப்பு என்னுது. நானே அவங்ககிட்ட வந்து சொல்றேன்."

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு கடலூர் பஸ் ஏறினேன். பஸ் அரியாங்குப்பம் தாண்டியது. அப்போதுதான் அண்ணன் சொன்னார், "அவ வீட்டுக்கு இப்பத்தாம்மா மொத தடவ போறேன்."

கதவைத் திறந்த ஸ்டெல்லா, அண்ணனைப் பார்த்ததும் "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடையிலிருந்து எடுத்துவந்த கையெழுத்து டிராஃப்டையும் காட்டினேன். அதில் சரியாகத்தான் இருந்தது என்று அவரே பார்த்தார்.

"தெனம் பசங்க நோட்டுல இதத்தான் சுழிச்சிட்டு இருக்கேன்" என்றார். "வேற யாரு லெட்டரா இருந்தாலும், டைப்பிங் மிஸ்டேக்னு போயிருப்பேன். பதினோரு வருஷத்துல இவரு அனுப்புன மொத லெட்டர்... அதுல நான் இல்ல."

அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு அந்தக் கொம்பெல்லாம் தெரியாது ஸ்டெல்லா. தங்கச்சிங்கன்னுதான் சொன்னேன். ரெண்டு பேரையும்தான் சொன்னேன்."

ஸ்டெல்லா மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தனக்கு வந்த காப்பியில் அந்தக் குறியை அடித்து, எஸ்ஸுக்குப் பின்னால் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"உள்ள வா. நீயும் வாம்மா."

சோறும் நெத்திலிக் குழம்பும். இரண்டு பேரும் அம்மாவின் மூட்டு வலியைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா முத்தியால்பேட்டை வீட்டுக்குப் போனார் என்று அண்ணன் கடைக்கு வந்து சொன்னார். முதலாளி என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து அந்த அம்மா இறந்தார். ஆசைப்பட்டபடியே உடலைக் கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். மெடிக்கல் காலேஜ் வேன் கதவை மூடும்போது அண்ணனின் ஒரு பக்கம் ரெஜினா, இன்னொரு பக்கம் ஸ்டெல்லா.

இப்போது நான் ஒரு ஆபீசில் லெட்டர் டிராஃப்ட் செய்கிறேன். தப்பாக அடித்தால் கம்ப்யூட்டரே கீழே சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. சின்னப் பெண்கள் படபடவென்று அடித்துத் தள்ளுகிறார்கள், பொறாமையாக இருக்கும். எங்கள் காலத்தில் ஒரு கமாவுக்கு டிக்ஷனரியும் கிராமர் புக்கும் புரட்டுவோம்...

ஒருநாள் ஆசைக்கு அந்த வார்த்தையை இரண்டு விதமாகவும் அடித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் கோடு வரவில்லை. இரண்டுமே சரியான ஆங்கிலம்தானே!

எத்தனை தங்கச்சி என்று அதற்கு எப்படித் தெரியும்? எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் நாம்தான் கேட்க வேண்டும்.