கிண்ணத்தை மூடவிடாத செல்வம் அண்ணன்

செல்வம் அண்ணன் இறந்த செய்தி என் அப்பாவின் போனுக்குத்தான் முதலில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, நான் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அப்பா கதவைத் தட்டாமல் திறந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "செல்வம் இல்லையாம்டா" என்றார். மாரடைப்பு. வேலைக்குக் கிளம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவே இல்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மாலதி அக்கா அழுவது போனில் எனக்கே கேட்டது. கணவரைப் பறிகொடுத்த அந்த நேரத்தில் அக்காவுக்கு நினைவு வந்தது என் அப்பாவின் நம்பர். நான் ஆலன் என்ற இந்த அமெரிக்க ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து தெரிந்த என் நம்பர் அல்ல. அவ்வளவு பதற்றத்திலும் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று எழுத எனக்கு வராது.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் நினைவு மலருக்கு அப்பாவிடம்தான் கட்டுரை கேட்டார்கள். அப்பா என்னைக் கைகாட்டினார்.

"நீ எழுது. உனக்குத்தான் அவனப் புடிக்காது. புடிச்சவங்க எழுதுனா சாமியாக்கிருவாங்க. அவனுக்கு அது ஆகாது."

எழுதுகிறேன். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. எனக்கு அவரைப் பிடிக்கும். பொறாமையும் உண்டு. பொறாமைதான் அதிகம்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: செல்வம் அண்ணன் ஈரோட்டுக்காரர். ஒரு வங்கியின் மென்பொருள் சோதனைப் பிரிவில் மேனேஜர். பக்கவாட்டில் நசுங்கிய மினிவேன் ஓட்டினார். அதைக் கடைசிவரை சரிசெய்யவில்லை. எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்பார். ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் விழுந்தால் எழுப்புவது என் வேலை. ஐந்து நிமிடத் தாமதத்துக்கே மேலிடத்துக்கு விளக்கம் எழுதுகிறவன். அவர் பக்கத்தில் நின்றாலே எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

முன்பு ஒருமுறை அவருக்கு வேலை போனது. சோபாவை விட்டு எழாமல் கிடந்தவரை மாலதி அக்கா ஹவாயில் நடக்கும் ஓர் ஆன்மிக முகாமுக்குப் பிடித்துத் தள்ளி அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் ஞானம் ஏதும் தென்படவில்லை. சோபாவை விட்டு எழுந்திருந்தார், அவ்வளவுதான். வேறு வேலையும் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங் விடுமுறைக்கும் எங்கள் ஊரிலிருந்து நாலைந்து குடும்பங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். யாருக்குச் சர்க்கரை, யார் சைவம், யாருக்குக் கீழ்த்தளத்து அறை வேண்டும் என்பதையெல்லாம் அவரே பார்த்தார். கமிஷன் அடிக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். விசாரித்தேன். அடிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்மா இறந்த பிறகு கரூரில் தனியாக இருந்த அப்பாவை நான் இங்கே அழைத்து வந்தேன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் பேசவில்லை. கேட்டால் "ம்" என்பார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நயாகரா கூட்டிப்போகிறேன் என்றேன், வேண்டாம். கிராண்ட் கேன்யன், வேண்டாம். பொங்கல் விழாவில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த செல்வம் அண்ணன், "மாமா, ஹவாய்ல ஒரு எடம் இருக்குதுங்க. சும்மா ஒரு வாரம் உக்காந்துட்டு வரலாம். வர்றீங்களா?" என்றார்.

"சரி" என்றார் அப்பா.

நான் மாதக்கணக்கில் கெஞ்சிக் கிடைக்காத சொல். தவிர, அப்பா எந்த வழியில் இவருக்கு மாமா என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஹவாயின் பெரிய தீவில், கடலைப் பார்த்த சரிவில் சுவரில்லாத ஒரு மரக்கூடம். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். நடத்துகிறவர் நோஹெயா ஆன்ட்டி, அந்த மண்ணின் ஹவாய்க்காரர். அங்கேயும் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது அப்பாவுக்கு ஆச்சரியம். உள்ளே நுழையும்முன் வாசலில் நின்று, நாங்கள் வரலாமா என்று பாட்டாகக் கேட்க வேண்டும். உள்ளிருந்து பதில் பாட்டு வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். பதில் சீக்கிரம் வரவில்லை. நான் வாட்ச்சைப் பார்த்தேன்.

"தம்பி, இங்க லோடிங் கொஞ்சம் ஸ்லோ. ரீஃப்ரெஷ் பண்ணாதீங்க" என்று காதோரம் சொன்னார் செல்வம் அண்ணன்.

மறுநாள் வயல் சேற்றில் இறக்கினார்கள். அப்பா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து, "டேய், சேப்பங்கிழங்குடா!" என்றார். அவர் அங்கே தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது. நோஹெயா ஆன்ட்டி விளக்கினார்: ஆதியில் ஒரு குழந்தை உயிரில்லாமல் பிறந்ததாம். அதைப் புதைத்த இடத்தில் முளைத்தது இந்தச் செடி. அடுத்துப் பிறந்தவன் முதல் மனிதன். ஆகவே கிழங்கு எல்லோருக்கும் அண்ணன். அண்ணன் தம்பிக்குச் சோறு போடுகிறான், தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்கிறான். நான் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் செல்வம் அண்ணனும் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம்தான் அது நடந்தது. குடும்பத்துக்குள் விழுந்த சிக்கலை உட்கார்ந்து பேசி எடுக்கிற வழக்கம் ஒன்று அவர்களுக்கு உண்டு. "இது எங்கள் வீடுகளுக்குள் செய்வது. உங்களுக்கு அதன் ஓரத்தைத்தான் காட்டுகிறேன்" என்றார் நோஹெயா ஆன்ட்டி. விதி எளிது. ஒருவரையொருவர் பார்த்துப் பேசக்கூடாது. எல்லாவற்றையும் நடுவில் இருப்பவரிடமே சொல்ல வேண்டும். சண்டை போட்ட வீடுகளில் "அவரைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புவோமே, கிட்டத்தட்ட அதுதான். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும், "இதெல்லாம் எனக்கு இங்கிலீஷ்ல வராதுப்பா" என்றார். மகன் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால் செல்வம் அண்ணன் மொழிபெயர்க்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்பா சொன்னது இது: "கொண்டாந்து வச்சிருக்கான். ஃப்ரிட்ஜ் வாங்கி வைக்கிற மாதிரி. ப்ளக் சொருகியாச்சு, ஓடுது. அவ்வளவுதான்."

செல்வம் அண்ணன் ஆங்கிலத்தில் சொன்னது இது: என் மகன் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், எனக்குத்தான் இன்னும் இடம் பழகவில்லை.

"அவர் அப்படிச் சொல்லலை!" என்று நான் எழுந்தேவிட்டேன். நோஹெயா ஆன்ட்டி உள்ளங்கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உன் முறை வரும் என்றார்.

என் முறை வந்தது. ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். தனி அறை கொடுத்தேன், இன்ஷூரன்ஸ் எடுத்தேன், தமிழ் சேனல் போட்டேன். என்ன குறை என்று சொன்னால் சரிசெய்வேன். குறையையே சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

செல்வம் அண்ணன் அப்பா பக்கம் திரும்பினார். "மாமா, தம்பிக்குப் பயமுங்க. அத்தை போன மாதிரி நீங்களும் சொல்லாமக் கொள்ளாமப் போயிருவீங்களோன்னு."

"நான் பயம்னு எங்க சொன்னேன்?"

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. "அவன் சொல்லட்டும்."

வாரியத்தில் இருந்த காலம் முழுக்க ஆங்கிலத்திலேயே ரிப்போர்ட் எழுதியவர். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்தும் என் வார்த்தையை விட்டுவிட்டு செல்வம் அண்ணனுடைய வார்த்தையை எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரையும் பிடித்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டில் அந்தக் கிழங்கை வேகவைத்து இடித்துக் கரைத்த கூழை ஒரு பெரிய மரக்கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். சாம்பல் கலந்த ஊதா நிறம், புளிப்பு வேறு. கிண்ணம் திறந்திருக்கும்வரை அந்தக் கிழங்கு அண்ணன் நம்மோடு உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு, அதனால் யாரும் சண்டை போடக்கூடாது என்றார் நோஹெயா ஆன்ட்டி. சரி, மூடட்டும் என்று காத்திருந்தேன்.

மூடவில்லை. ஆன்ட்டி மூடியை எடுக்கும்போதெல்லாம் செல்வம் அண்ணன், "இருக்கட்டுங்க ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்" என்று இரண்டு விரலால் வழித்து வாயில் வைத்தார். மற்ற குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. அவர் வழித்துக்கொண்டே இருந்தார். புளிப்பில் கண்ணில் தண்ணீர் நின்றது.

"டேய் செல்வம், போதும்டா. வயிறு வெடிச்சிரப் போவுது."

"உங்க பையன் மூஞ்சியப் பாருங்க மாமா. மூடுனா மொதல் அடி எனக்குத்தானுங்க!"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். வாயை மூடிக்கொண்டு இல்லை. தோள் குலுங்க, இருமல் வருகிற அளவுக்கு. அம்மா போனதற்குப் பிறகு முதல் முறை. அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு தூரம் கூட்டிவந்து, அந்தச் சிரிப்பு வேறு ஒருவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

ஆலனுக்குத் திரும்பிய பிறகு இருவரும் தினமும் சாயங்காலம் நடக்கப் போனார்கள். என் வீட்டுக் கதவுக்கு வெளியே அப்பா பேசுகிற குரல் கேட்கும், உள்ளே வந்ததும் நின்றுவிடும். ஒருநாள் மளிகைக் கடை வரிசையில் செல்வம் அண்ணன் என்னைப் பார்த்து, "உங்க அம்மா நல்லாப் பாடுவாங்களாமே தம்பி?" என்றார். நான் அவர்கள் பெற்ற பிள்ளை. எனக்குத் தெரியாது. "ஆமாம்" என்று சொல்லிவிட்டு எடுத்த தயிரைத் தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணா, எங்கப்பாகிட்ட அப்படி என்னதான் பேசுறீங்க?"

"நான் எங்கீங்க தம்பி பேசறேன்? நடக்கறதுக்கே மூச்சு வாங்குது. கூடப் போறேன், அவரே பேசிக்கறாருங்க."

மூச்சு ஏன் வாங்குகிறது என்று அவரும் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்திருப்பார். இந்த ஒரு தாமதத்துக்காக மட்டும் அவரை நான் மன்னிப்பதாக இல்லை.

இறுதிச் சடங்கன்று நோஹெயா ஆன்ட்டி கூரியரில் அனுப்பிய, பச்சை இலையைத் திரித்துச் செய்த மாலையை மாலதி அக்கா செல்வம் அண்ணன் மார்பில் வைத்தார். உடலைத் தகன உலைக்குள் அனுப்பும் பொத்தானை மகள் நிலா அழுத்த வேண்டும். பதினாலு வயதுப் பெண். கை நகரவில்லை. "ஐ காண்ட், தாத்தா" என்று என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அவள் கைமேல் தன் கையை வைத்தார். சேர்ந்து அழுத்தினார்கள்.

வெளியே வந்தபோது மாலதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா ஊருக்கே திரும்பிப் போறாங்கன்னு இவருக்கு ரொம்ப வருத்தம்ப்பா. டிக்கெட் பாத்துட்டே இருந்தாரு" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார்.

பார்க்கிங்கில் வைத்தே கேட்டேன்.

"ஊருக்குப் போறீங்களாமே. ஒரேயடியா."

"ம்."

"டிக்கெட் போடக்கூட அவர்தானா? என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"அவன் எங்க போட்டான்? நானும் மாசக்கணக்கா கேக்கறேன். 'ரேட் ஜாஸ்தி மாமா, எறங்கட்டும்'பான். அப்புறம், 'தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, ஒடனே போட்டர்றேன்'ன்னான். நானும் சொல்லல. அவனும் போடல." வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "இப்பச் சொல்லிட்டேன். நீயே போட்டுக் குடு. உனக்கு ரெண்டு நிமிச வேலை."

உண்மைதான். போன் கையில் இருந்தது. போகாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை என்னிடம் தயாராக இல்லை.

"ரேட் ஜாஸ்தியா இருக்குப்பா" என்றேன்.

அப்பா என் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரை இருட்டாக இருந்தது.

"எறங்குமா?"

"எறங்கும். கொஞ்ச நாளாகும்."

"எறங்குனாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

செல்வம் அண்ணா, நேற்றுச் சாயங்காலம் அப்பா ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு நானும் போனேன். ஏரியைச் சுற்றி வருகிற பாதை முழுக்க அப்பா பேசினார். வருடக்கணக்கில் என்னிடம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். அத்தனையும் உங்களைப் பற்றி. நீங்கள் எங்கே மூச்சு வாங்கி நிற்பீர்கள், எந்த பெஞ்சில் உட்காருவீர்கள், எந்த நாயைக் கண்டால் பயப்படுவீர்கள் என்று. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் போகப்போகிறேன். போய் வாருங்கள், அண்ணா.