தறிச் சத்தத்தைத் தாண்டி வந்த சொடக்கு

எட்டுத் தறியும் ஒருசேர ஓடும்போது பட்டறைக்குள் பாட்டு என்று ஒன்று கேட்காது. குழலும் வயலினும் பாடுகிறவரின் குரலும் தறிச் சத்தத்துக்குள் உப்புப் போலக் கரைந்துவிடும். அதையெல்லாம் தாண்டி மேலேறி வந்து காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான், காய்ந்த சுள்ளியை ஒடித்தது போன்ற அந்த டிரம் அடி. அதை எங்கள் பட்டறையில் "சொடக்கு" என்பார்கள். அதற்கு ஸ்னேர் டிரம் என்று பெயர் இருப்பதும், தோலுக்கு அடியில் மெல்லிய கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டியிருப்பதால்தான் அந்தச் சத்தம் வருகிறது என்பதும், பல வருடம் கழித்து வடக்கே ஏதோ ஓர் ஊரில் கல்யாண பேண்டுக்காரர் ஒருவர் வாத்தியத்தைத் திருப்பிக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பட்டறை ஜலகண்டாபுரத்தில் இருந்தது. அதில் நான்கு விசைத்தறிகள் என் அப்பா ஓட்டியவை, நான்கு மாரியண்ணன் ஓட்டியவை. சுவரில் முதலாளி இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை மாட்டி வைத்திருந்தார். ஷிப்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கேசட் கொண்டுவந்து முறை வைத்துப் போடுவார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் போய் மூலையில் உட்கார்ந்து, தறிக்குள் போகும் குச்சிகளில் நூலேற்றித் தார் சுற்றுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபிறகு நாள் முழுக்கச் சுற்றினேன். அப்படிக் கேட்டுக் கேட்டு, பாட்டின் சொல் ஒன்றும் தெரியாமலே, சொடக்கை வைத்து எந்தப் பாட்டு என்று சொல்லிவிடும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்த சொடக்குகள் சில உண்டு. ஒரு மழைப் பாட்டில் அது ஈர ஓலையைச் சுவரில் அறைந்தது போல விழுந்து, பின்னால் ஓர் எதிரொலி குகைக்குள் போய்த் திரும்பும். காலேஜ் பையன்கள் ஆடுகிற ஒரு பாட்டில் மெஷினில் அடித்திருப்பார்கள். தோலே இல்லாமல் வெறும் காற்றை அறுத்தது போல இருக்கும். அப்பாவுக்குப் பிடித்தது வேறு. படம் பார்த்தவர்கள் சொன்னபடி, சண்டை போட்ட மனைவியைப் புருஷன் சமாதானம் செய்கிற மெதுவான பாட்டு அது. இரண்டாம் வரி முடியும்வரை அடியே கிடையாது. பாடுகிறவர் மூச்சு இழுக்கும் இடத்தில் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்தது போல ஒரே ஒரு சொடக்கு. முதல் இரண்டு வரி எங்களுக்குக் கேட்காது என்பதால், பட்டறையைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு அங்கேதான் ஆரம்பம். அந்த இடத்தில் அப்பாவின் தலை லேசாக ஆடும்.

ஒரு நாள் தலை ஆடவில்லை. தறியை நிறுத்திவிட்டு டேப் இருந்த பலகைக்குப் போய், கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சொடக்குச் செத்துப்போச்சு" என்றார்.

எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டறையில் காது கொடுத்தவர் சொல்கிறார். கேசட் தேய்ந்திருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மாரியண்ணன் வேட்டி நுனியில் ஸ்பிரிட்டைத் தொட்டு டேப்பின் ஹெட்டைத் துடைத்துக் கொடுத்தார். அப்பாவுக்குத் திருப்தியில்லை.

"ஏனுங்கண்ணா, அக்காகூடச் சண்டையா? சமாதானப் பாட்டையே சுத்திச் சுத்திப் போடறீங்க" என்று மாரியண்ணன் சிரித்தார். அப்பா அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்தார்.

இதைத்தான் இப்போது நினைத்து நினைத்துக் குழம்புகிறேன். பட்டறைக்குள் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தும் கைஜாடையிலும்தான் எல்லாம் நடக்கும். வெளியே வந்தாலும் தறிக்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். அம்மா, "ஊடா பட்டறையா இது, மெல்லப் பேசுங்க" என்று தினமும் சொல்லுவாள். காது போன ஒருவர் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்க முடியாது. ஒளிந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நான்கு தறி ஓட்டுகிறவருக்கு இரண்டு தறிகள் எப்போதும் முதுகுப் பக்கம் இருக்கும். அங்கே இழை அறுந்தாலோ, ஊடு நூலோடு குறுக்கே ஓடும் நாடா சரியாகப் போகாவிட்டாலோ சத்தம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு நான்கு தறி கொடுத்ததே அவர் காதை நம்பித்தான். அந்த மாதம் முதுகுப் பக்கத்துத் தறியில் இரண்டு தடவை பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, அறுந்தது தெரியாமல் துணி வீணாகியிருந்தது. "இன்னொரு தடவ ஆச்சுன்னா தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன், வருத்தப்படக் கூடாது" என்று முதலாளி சொல்லியிருந்தார். இதுவும் எனக்குத் தெரியும், சொடக்குச் செத்ததும் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த விடுமுறையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறினார். அம்மாபேட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது; வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் புதுக் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். அப்பா ஒரே பாட்டுத்தான் கேட்டார், ஏற்றும்போது தான் கூடவே இருந்து கேட்பேன் என்றும் சொன்னார். கடைக்காரர் இளவயது ஆள், தாடி வைத்திருந்தார். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர் போல, "உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்தினார். ரெக்கார்டைப் போட்டார்.

தறி ஓடாத இடத்தில் அந்தப் பாட்டை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். முதல் இரண்டு வரிகள் இருந்தன, வீணை இருந்தது, பின்னால் பெண்கள் கூட்டமாக முனகினார்கள். எனக்கு அது வேறு ஏதோ பாட்டுப் போல இருந்தது. பிறகு சொடக்கு விழுந்தது.

"அடி வல்லீங்களே" என்றார் அப்பா.

கடைக்காரர் வரிசையாக இருந்த குமிழ்களில் வலது கோடியில் இருந்ததை மேலே தள்ளினார். "இப்போங்க?"

"இன்னும் கொஞ்சம் வெக்கோணுங்க."

அவர் மறுபடி தள்ளினார், மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ சொடக்கு என் காதில் ஊசி போல இறங்கியது. நான் கையால் காதைப் பொத்தினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்பீக்கரின் கறுப்புத் துணியையே கவனித்துக்கொண்டிருந்தார், அதிலும் உதடு இருக்கிறது என்பது போல.

"கேசட்டுல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் கடைக்காரர். குனிந்துகொண்டு சொன்னதால் அப்பாவுக்கு அது போய்ச் சேரவில்லை. அவர் சொன்னது எனக்குத்தானோ என்னவோ. கேசட்டைக் காகிதத்தில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். தாரமங்கலம் தாண்டியபின் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "சாமி, உனக்குக் கேட்டுச்சா அந்த அடி?" என்று கேட்டார். அவர் கண் என் உதட்டில் இருந்தது.

"இல்லீங்கப்பா. எனக்கும் கேக்கலீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேனா, அல்லது பெரியவருக்குக் கேட்காதது சின்னவனுக்குக் கேட்டது என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தேனா, அல்லது அத்தனை தடவை ஓட்டியதில் எனக்கே எது கேட்டது எது கேட்கவில்லை என்று குழம்பிவிட்டதா. அப்பாவின் முகம் தெளிந்தது. "அதான பார்த்தேன். ரெக்கார்டே தேஞ்சு போச்சு. கடைக்காரன் நல்ல மனுசன், என்ன பண்ணுவான்" என்றார்.

அடுத்த பத்து நாளுக்குள் மூன்றாவது தடவையாகப் பாவு அறுந்தது. முதுகுப் பக்கத்துத் தறி வெகுநேரம் வெறுமனே அடித்துக்கொண்டிருந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து மாரியண்ணன்தான் பார்த்து ஓடிவந்தார். முதலாளி திட்டவில்லை. நான்கு தறியையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு அப்பாவைத் துணி மடிக்கிற அறைக்கு அனுப்பினார். அந்த அறை அமைதியான அறை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்பது அங்கே போன முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிட வந்தபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புதுக் கேசட் எங்கே போனதென்று நினைவில்லை.

அதற்கடுத்த வருடம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டியில் ஏறிப் போனவன்தான் நான். ரிக் வண்டி, அப்புறம் லாரி, நடுவில் ஓர் ஓட்டல், மறுபடி லாரி. ஏழெட்டு மாநிலம் சுற்றியாயிற்று. அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. ஜலகண்டாபுரத்தில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது சத்தமில்லாத ஒரு குடோன் நிற்கிறது; தறிகளைப் பழைய இரும்புக்கு உடைத்து ஏற்றியதாகச் சொன்னார்கள். அம்மாபேட்டைக் கடையைத் தேடிப் போனேன், தெருவே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டுகள் மட்டும் எல்லாமே போனில் கிடைக்கின்றன. ஓய்வாக வண்டியை ஓரங்கட்டியிருக்கும்போது போட்டுப் பார்க்கிறேன். மழைப் பாட்டில் ஓலை அறைவது பஞ்சு மூட்டையை அறைவது போல இருக்கிறது. பழைய பாட்டின் இரைச்சலைத் துடைத்துப் புதிதாகப் போடும்போது அடியை மாற்றிவிட்டார்கள் என்கிறான் கிளீனர். போன் மட்டம் என்கிறான் இன்னொருவன். பட்டறையில் நான் கேட்டதில் பாதி தறியின் சத்தமாகவே இருந்திருக்குமோ என்றும் சில நேரம் தோன்றுகிறது. நான்காவதாக ஒரு காரணம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

போன மாதம் ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்று வாங்கப் போனேன். இரண்டு தடவை கூப்பிட்டும் நான் திரும்பாததைப் பார்த்த டாக்டர், காதைச் சோதித்துக்கொண்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். சேலத்தில் ஒரு மாடியில், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் ஒரு பெண். சத்தம் எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும் என்றாள். கதவைச் சாத்தினாள்.

அப்படி ஓர் அமைதியில் நான் உட்கார்ந்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் கேட்க ஆரம்பித்தது, மெல்லிதாக, தூரத்தில், ஒழுங்கான இடைவெளியில். அமுக்கினேன். மறுபடி வந்தது, அமுக்கினேன். ஒன்றுகூட விடவில்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஏழெட்டு முறை ஆனதும் அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

"அண்ணா, நான் இன்னும் சத்தமே வெக்கலீங்க."

அவள் கண்ணாடிக்குப் பின்னால் மெஷினைத் தயார் செய்துகொண்டுதான் இருந்தாளாம்.

"என்ன கேட்டுச்சுங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளக் கேட்டாள்.

"தெரியலீங்க" என்றேன்.

"செரிங்க. இப்ப ஆரம்பிக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. ஆரம்பித்துவிட்டாளா இல்லையா என்று தெரியாமல், கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.