'எனவே'க்கு மாற்றுச் சொல்

போன வருஷம், தமிழ்வழி மாணவர்களுக்கான கல்லூரிக் கணிதப் புத்தகத்துக்கு நான் எழுதிய அத்தியாயம் சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. கணக்கில் பிழை என்றால் வாயை மூடிக்கொண்டு திருத்தியிருப்பேன். வட்டமெல்லாம் 'எனவே'க்கு. "ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, சலிப்பூட்டுகிறது, மாற்றவும்" என்று தொகுப்பாசிரியர் எழுதியிருந்தார். நிரூபணத்தில் எனவே வராமல் வெண்பாவா வரும்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஆகவே, ஆதலால், ஆகையால், இதிலிருந்து. அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. என் கணவருக்குப் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அவர் வீடு திரும்பியதும் புலம்பினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அள்ளிவிட்டார்.

"'வேற வழியே இல்லாததால', 'காமாட்சி புண்ணியத்துல', 'சொன்னா நம்புங்க', 'நீங்களே கையில புடிச்சுப் பாருங்கம்மா'. இதெல்லாம் போடேன்."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்த அத்தியாயத்தில் ஒரு நிரூபணம் என் சொந்தச் சரக்கு. மற்றவர்கள் இரண்டு பக்கத்துக்கு இழுப்பதை நான் அரைப் பக்கத்தில் முடித்திருந்தேன். அது அச்சில் வரவேண்டும் என்றுதான் இந்த வட்டங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அதன் கடைசி எனவேயை அடித்துவிட்டு, 'சற்றே சிந்திப்போர் எவருக்கும் தெள்ளத்தெளிவாக விளங்குமாறு' என்று போட்டு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பும் முன் அவர் என் பிரதியை எடுத்துக் கடைக்குரலில் வாசித்தார். அந்த வரி வந்ததும் நின்றார்.

"இன்னாமா, இங்க மட்டும் இவ்ளோ பேசிக்கினு இருக்க? நாங்க இழை அறுந்த எடத்த மடிப்புல மறைக்கும்போதுதான் இப்படிப் பேசுவோம்."

"உங்க கடைப் புத்திய இதுல காட்டாதீங்க" என்று தாளைப் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு அந்த வரியையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்று மேலே நிறுவியிருந்தேன். அடுத்த வரியில், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி இருக்கிறது, அதனால் தெரு முழுக்க ஒரே சாவி என்கிற மாதிரி.

அதற்குள் தொகுப்பாசிரியரிடமிருந்து பதில் வந்திருந்தது. "இப்போதுதான் படிக்கச் சுகமாக இருக்கிறது. அந்தச் சின்ன நிரூபணம் அருமை. இன்றே அச்சுக்குப் போகிறது." இதே வரியில் இருந்த எனவேக்கும் வட்டம் போட்டவர்தான் அவர். சொல்லைப் பார்த்த மனுஷர் அது சொன்னதைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேனா?

உடனே போன் போட்டு நிறுத்தச் சொன்னேன், அந்த நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது, அதை எடுத்துவிட்டு வழக்கமான இரண்டு பக்கத்தையே போடுங்கள் என்று.

"நல்லாத்தானேம்மா இருக்குது. யார் பார்க்கப் போறாங்க?"

"எங்க வீட்டுலயே பார்த்துட்டாங்க சார்" என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் அரைப் பக்கம் போயே போய்விட்டது.